பெரியவள் கொடுத்த கண்

அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான். தபால்காரராக இருந்தாலும் சரி, குழாய் பழுது பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி.

"இது பெரியவ குடுத்த கண்ணு. பதினெட்டு நிமிஷம். வலின்னா என்னன்னே தெரியல. எழுந்து உக்காந்து பாத்தா, சுவத்துல இருக்கிற பல்லி கண்ணு சிமிட்டுறது தெரியுது!"

"பல்லிக்கு இமையே கிடையாதுப்பா" என்று சின்னவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அது உனக்கு. நீ பொது டாக்டர்" என்று சொல்லி அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குழாய்க்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மூத்த மகள் கண் அறுவை மருத்துவர். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் ஒரு மாடி முழுக்க அவள் பொறுப்பு. வாசலில் கைகட்டி நிற்கும் அவளுடைய படம் ஆள் உயரத்துக்கு இருக்கும். இளையவள் பொது மருத்துவர். கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு அறை, ஒரு நர்ஸம்மா. அவ்வளவுதான் அவள் கிளினிக். சளி, காய்ச்சல், காது அழுக்கு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வேலைக்குப் போகப் பிடிக்காதவர்களுக்கு விடுப்புச் சான்றிதழ். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள்தான். அந்தப் பெயர் நாலு தெருவைத் தாண்டிப் போனதில்லை.

அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். அவருடைய அடுக்குமாடி வீட்டிலிருந்து சின்னவளின் கிளினிக்குக்கு நடந்தால் பத்து நிமிடம். அவருடைய அழுத்தமும் சர்க்கரையும் அவள் கையில்தான் இருந்தன. நிமோனியா வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். கால் விரலில் புண் வந்து அழுகத் தொடங்கியபோது ஆறு வாரம் தினமும் தரையில் மண்டி போட்டுக் கட்டு மாற்றியவளும் அவள். அந்த விரல் இன்னமும் அவர் காலில் ஒட்டிக்கொண்டிருப்பது அவளால்தான். ஆனால் செருப்பைக் கழற்றி, இது சின்னவள் கொடுத்த விரல் என்று தபால்காரரிடம் யாரும் காட்டமாட்டார்களே!

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவின் படம் பத்திரிகையில் வந்தால் முதல் ஆளாக வெட்டி எடுத்து அப்பாவிடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓசையோடு கழுவுவாள்.

ஒரு விஷயம் மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன், கண் சிவந்து வலியில் துடித்த ஒரு பெண்ணை அவசரம் என்று அக்காவிடம் அனுப்பியிருந்தாள். கண்ணின் உள் அழுத்தம் திடீரென்று ஏறிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். அக்கா சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினாள். அடுத்த வாரம் குடும்பம் மொத்தமும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கதை வெளியே வந்தது.

"சின்னவ அவசரம்னு அனுப்பினா. நானும் அலறி அடிச்சுக்கிட்டு ஓடினேன். போய்ப் பாத்தா, அந்தம்மா கண்ணுல ஷாம்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. அன்று சின்னவள் மனதுக்குள் ஒன்று தீர்மானித்தாள். இனிமேல் கையில் சோதனைக் காகிதம் இல்லாமல் அக்காவிடம் வாயைத் திறப்பதில்லை.

சனிக்கிழமைதோறும் மதியம் அவள் அப்பா வீட்டில் சாப்பிடுவாள். சாப்பாட்டுக்கு முன் அழுத்தம் பார்ப்பாள், பின்னால் சர்க்கரை மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போடுவாள். அந்தச் சனிக்கிழமை அப்பா இரண்டு கறித்துண்டு சாப்பிட்டதுமே கையை எடுத்துவிட்டார்.

"ஏன்ப்பா நிறுத்திட்டீங்க? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. தாடை அசந்து போகுது. கொஞ்சம் நேரம் விட்டா சரியாயிடும். பல்செட்டு பழசாயிடுச்சுல்ல."

"எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும்."

அப்போதுதான் அவருடைய தலையைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் இருந்தவர். வகிடு எடுத்தால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும். இன்று முடி காடாகக் கிடந்தது.

"தலை வாரலையா?"

"சீப்பு பட்டாலே எரியுதும்மா. தலகாணியில சாஞ்சாக் கூட வலிக்குது."

"தலைவலியா?"

"ஆமா. ஆனா அதெல்லாம் பெரியவ பாத்துட்டா."

சின்னவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "எப்போ பாத்தா?"

"வியாழக்கிழமை. வலது கண்ணுல திடீர்னு திரை இறங்கின மாதிரி ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் தானா விலகிடுச்சு. பெரியவளுக்கு ஃபோன் போட்டேன், உடனே காரை அனுப்பிட்டா. எல்லா மெஷின்லயும் மோவாயை வச்சுப் பாத்தாச்சு. கண்ணு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்குன்னா. வறட்சியாம். சொட்டு மருந்து குடுத்திருக்கா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"கண்ணு விஷயம்தானேம்மா? உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவள் எழுந்து போய் அவருடைய வலது நெற்றிப்பொட்டில் விரல் வைத்தாள். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் கம்பி மாதிரி தடித்திருந்தது. அழுத்தினால் வலித்தது. துடிப்பு இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயதானவர்களுக்கு அபூர்வமாக வரும் வியாதி. தலையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் வீங்கி, உள்ளே வழி குறுகிவிடும். தாடைக்கு ரத்தம் போதாமல் மென்றால் வலிக்கும். தலைத்தோல் எரியும். கண்ணுக்குப் போகும் கிளை குறுகினால் பார்வையில் திரை விழுந்து விலகும். அந்தக் கிளை முழுதாக அடைத்துக்கொண்டால் கண் போய்விடும், திரும்பி வராது. அது வரைக்கும் கண்ணுக்குள் எந்தக் கருவியை வைத்துப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே தெரியலாம். மருந்து சாதாரண ஸ்டீராய்டு மாத்திரைதான், ஆனால் பெரிய அளவில். சந்தேகம் வந்த நிமிடமே கொடுத்துவிட வேண்டும், சோதனையெல்லாம் பிறகு. மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருட மாணவனுக்கும் இது தெரியும்.

முதலில் வந்தது பயம்தான். அந்தப் பயத்தின் காலை மிதித்துக்கொண்டே இன்னொன்றும் உள்ளே வந்தது. அக்கா கோட்டை விட்டுவிட்டாள். எல்லா மெஷினையும் வைத்துப் பார்த்தவள், தாடை வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாத்திரை கிளினிக் அலமாரியில் இருந்தது. போய் எடுத்து வர இருபது நிமிடம். மணி அப்போது இரண்டு. அவள் பையிலிருந்து ஊசியை எடுத்து ரத்தம் எடுத்தாள்.

"எதுக்கும்மா இது?"

"சும்மா ஒரு டெஸ்ட்டுப்பா."

படி இறங்கும்போது காரணங்களை அடுக்கிக்கொண்டாள். அவர் சர்க்கரைக்காரர், இந்த மருந்து சர்க்கரையை எகிற வைக்கும். ஒருவேளை வெறும் பல்செட்டு வலியாக இருந்தால்? தலைவலிக்கு அறுபது மில்லிகிராம் கொடுத்தாளாம் என்று இன்னொரு மேசையில் இன்னொரு சிரிப்பு எழும். எதுவும் பொய்க் காரணம் இல்லை. ஆனால் அவர் வேறு யாருடைய அப்பாவாகவோ இருந்திருந்தால், சோதனைக்கு முன்பே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்திருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

முடிவு மாலை ஆறு பத்துக்கு வந்தது. ரத்தம் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்க்கும் சோதனை. இருபது, முப்பதுக்குள் இருக்க வேண்டியது தொண்ணூற்றெட்டு இருந்தது. நர்ஸம்மா எண்ணைப் படித்துவிட்டு, "யாருக்கு டாக்டர், அப்பாவுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. அந்த ஸ்டீராய்டு அட்டை மூணு குடுங்க."

"நேரா அவர் வீட்டுக்குத்தானே போறீங்க?"

"ஆமா."

நேராகத்தான் போயிருப்பாள். காரில் ஏறி உட்கார்ந்ததும் கை ஃபோனைத் தேடியது. என்ன சொல்வது என்பது மதியமே தயாராக இருந்தது. குரலை உயர்த்தக் கூடாது. சாதாரணமாகக் கேட்க வேண்டும். "அக்கா, வியாழக்கிழமை அப்பாவைப் பாத்தியே, தாடை வலிக்குதான்னு கேட்டியா?" அதற்குப் பிறகு எதுவும் பேசாமல் இருக்க வேண்டும். மறுமுனையில் மூச்சு நிற்பதைக் கேட்க வேண்டும்.

அக்கா எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை அக்கா அறுவை அரங்கில் இருப்பாள் என்பது சின்னவளுக்குத் தெரியும். இருந்தாலும் கால் மணி கழித்து மறுபடி அழைத்தாள். மறுபடியும் அழைத்தாள். காரை எடுக்கவில்லை. அட்டை மூன்றும் பக்கத்து இருக்கையில் கைப்பையில் இருந்தன. மாத்திரையோடு போய் நின்றால் அப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். "பெரியவகிட்ட கேட்டியா?" அதை நினைத்ததுமே நெஞ்சு எரிந்தது. முதலில் அக்கா வாயால் ஒப்புக்கொள்ளட்டும். பிறகு மாத்திரை.

ஐந்தாவது முறை அழைத்தபோது மணி ஏழே முக்கால். அப்பா எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். எழுப்ப வேண்டாம், காலையில் முதல் வேலை இதுதான் என்று சொல்லிக்கொண்டு அவள் தன் வீட்டுக்குப் போனாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "ஆபரேஷன்ல இருந்தேன். அவசரமா?"

நாளை ஞாயிறு. அக்கா அப்பா வீட்டுக்கு வருவாள். ஃபோனில் குரல்தான் கேட்கும், முகம் தெரியாது. சின்னவள் பதில் எழுதினாள். "நாளைக்கு நேர்ல சொல்றேன்."

காலை ஆறு மணிக்கு அப்பா அழைத்தார்.

"சின்னவளே, திரை இறங்கிடுச்சும்மா. ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன். விலகல."

அவர் முதலில் அழைத்தது அவளைத்தான். ஏன் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை பெரியவ கொஞ்சம் லேட்டாத்தானே எழுந்திருப்பா" என்றார்.

அவள் செருப்புக் கூடப் போடாமல் ஓடினாள். கதவருகிலேயே ஆறு மாத்திரையை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் எதுவும் கேட்கவில்லை. பெரியவள் பெயரையும் எடுக்கவில்லை. மடமடவென்று விழுங்கிவிட்டு, "இப்ப எங்க போகணும்?" என்றார். காரில் வரும்போது இடது கையால் இடது கண்ணை மூடுவார், திறப்பார், மறுபடி மூடுவார். "இருட்டு கூட இல்லம்மா. ஒண்ணுமே இல்ல" என்றார்.

சின்னவள் வழியிலிருந்தே அழைத்திருந்ததால், அக்கா கலைந்த தலையோடு மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். அப்பாவை உட்கார வைத்து வலது கண்ணில் வெளிச்சம் அடித்தாள். கண்பாப்பா சுருங்கவில்லை. கருவியில் மோவாயை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சின்னவள் ரத்தச் சோதனைக் காகிதத்தை நீட்டினாள். அக்கா தொண்ணூற்றெட்டு என்ற எண்ணைப் பார்த்தாள்.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் சின்னவள் இத்தனையும் செய்தாள். பார்த்தாள். அக்காவின் உதடு வெளுத்து, கன்னம் தொங்கி, ஒரே நிமிடத்தில் அம்மாவின் கடைசிக் கால முகம் மாதிரி ஆகிவிட்டது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று சின்னவளுக்குப் புரியவில்லை.

"தாடை வலிச்சுதாப்பா உங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"பத்து நாளா வலிச்சுது. சின்னவகிட்ட நேத்து சொன்னேனே."

அக்கா அந்த "நேத்து" என்ற வார்த்தையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வலது கண் திரும்பவில்லை. இடது கண் தப்பித்தது. மருந்து இல்லாமல் இன்னும் சில நாள் போயிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார்கள். இரண்டாம் நாள் காலை அக்கா தன் இளம் மருத்துவர்கள் ஐந்து பேரோடு அப்பாவின் கட்டிலுக்கு வந்தாள். சின்னவள் மூலையில் நாற்காலியில் இருந்தாள்.

"இவர் என் அப்பா" என்றாள் அக்கா. "வியாழக்கிழமை என் கையில இருந்தார். தலைவலின்னு சொன்னார். நான் கண்ணை மட்டும் பாத்தேன், ஆளைப் பாக்கல. இதோ, என் தங்கச்சி. பொது மருத்துவர். சாப்பிடும்போது கையை எடுத்ததை வச்சுக் கண்டுபிடிச்சா. நல்லாப் பாத்துக்கோங்க இவளை."

ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் மரியாதையாகத் தலையசைத்தாள். இருபத்தைந்து வருடமாகச் சின்னவள் காத்திருந்த வார்த்தை, அவள் கேட்க நினைத்த அதே வாயிலிருந்து, நாலு பேர் முன்னால் வந்தது. அவள் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

கிளினிக்கில் நர்ஸம்மா கேட்டார். "சனிக்கிழமை சாயங்காலமே மாத்திரை ஆரம்பிச்சும் இப்படி ஆயிடுச்சே டாக்டர்? விதிதான் போங்க."

"ம்" என்றாள் சின்னவள்.

அப்பா வீடு திரும்பினார். ஒரு கண் போனால் தூரம் பிடிபடாது. எதிரே தெரியும் கம்பம் எத்தனை அடி என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னவர், இப்போது தண்ணீரைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினார். வலது பக்கக் கதவுநிலையில் தினமும் தோளை இடித்துக்கொண்டார். மருந்தால் சர்க்கரை ஏறியது. சின்னவள் காலையும் மாலையும் வந்து இன்சுலின் போட்டாள். அவள் ஊசியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வருவார்.

"வலது கண்ணு போச்சு. ஆனா பாருங்க, இடது கண்ணைப் பெரியவ காப்பாத்திட்டா! மூணு நாள் ஊசி. அவ மட்டும் இல்லேன்னா நான் முழுக் குருடன்."

சின்னவளுக்குக் காதில் புகை வந்தது. முதல் மாத்திரை கொடுத்தவள் நான் என்று கத்தத் தோன்றியது. அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது: பதினாறு மணி நேரம் கழித்து. அவள் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இத்தனைக்குப் பிறகும் அந்த எரிச்சல் அணையவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அப்பா ஒன்று சொன்னார்.

"பெரியவ ஆபரேஷன் பண்றதை நிறுத்திட்டாளாம். லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்கா. அப்பா கண்ணையே பாக்கத் தெரியாதவ, ஊரான் கண்ணுல எப்படிக் கத்தி வைக்கிறதுன்னு கேக்கிறா. எல்லாம் என்னாலதான். நான் தாடை வலிக்குதுன்னு அவகிட்ட சொல்லியிருக்கணும்."

"உங்களால இல்லப்பா."

"பின்ன யாரால?"

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். இரண்டு நோயாளிகளைப் பார்த்தாள். மூன்றாவது ஆளை நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஓட்டி அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆறிப்போன காபி. "அப்பாவுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

"ஒண்ணும் இல்ல. உக்காரு. ஒண்ணு சொல்லணும்." சின்னவள் நின்றுகொண்டே சொன்னாள். "சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கே எனக்குத் தெரியும். அப்பவே மாத்திரை குடுத்திருக்கலாம். குடுக்கல."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். பிறகு நோயாளியின் வரலாறு கேட்கும் குரலில் கேட்டாள்.

"ரிசல்ட் எப்போ வந்துது?"

"ஆறு பத்து."

"மாத்திரை எங்க இருந்துது?"

"என் பையில."

"என்னை எத்தனை தடவை கூப்பிட்ட?"

"அஞ்சு."

"அப்பாவை?"

"ஒரு தடவை கூட இல்ல."

"அவசரமான்னு நான் கேட்டேன். நாளைக்கு நேர்ல சொல்றேன்னு எழுதின." அக்கா தன் ஃபோனைப் புரட்டி மேசையில் வைத்தாள். "மூணு வாரமா இதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். வேற ஏதோ விஷயமா இருக்கும்னு நினைச்சேன். வீட்டு விஷயம்னு நினைச்சேன். ஏன்டி?"

"உன் முகத்தைப் பாக்கணும்னு."

"என்ன?"

"நீ தப்பு பண்ணிட்டேன்னு நான் சொல்லும்போது உன் முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும். அதுக்குத்தான்."

வெளியே யாரோ காரைக் கழுவும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து காபியைத் தொட்டியில் ஊற்றினாள். திரும்பாமலே பேசினாள்.

"நீ பண்ணினதால நான் பண்ணினது இல்லைன்னு ஆயிடாது. அது என்னோடது. அதைத் தூக்கிக்கிட்டுப் போகலாம்னு நினைக்காத." கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும். இப்ப போ."

"அக்கா…"

"போ சின்னவளே. உன்னை அடிச்சிடப் போறேன்."

அன்று மாலை அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பத்திரிகைத் தலைப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். சின்னவள் அவருடைய இடது பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. ஷாம்பு கதையிலிருந்து தொடங்கினாள். பல்லிக்குப் போனாள். கால் விரலுக்குப் போனாள். அழுதாள். கடைசியில் கைப்பைக்கு வந்தாள். அவர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சனிக்கிழமை ராத்திரி மாத்திரை பையில இருந்துதா?"

"இருந்துதுப்பா."

"எட்டு மணிக்கு வந்து பெல் அடிச்சிருந்தா, நான் எழுந்து கதவைத் தொறந்திருப்பேனே."

திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அவள் எழ முயன்றபோது, "உக்காரு, நானே போறேன்" என்றார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது அவருடைய முகம் நனைந்திருந்தது.

"நாளைக்குக் காலையில ஊசி போட வருவியா?" என்றார்.

"வரவேண்டாம்னு சொன்னா நர்ஸம்மாவை அனுப்புறேன்."

"அந்தம்மா குத்தினா வலிக்கும். நீயே வா."

அவள் மறுநாள் போனாள். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார், அவள் போட்டாள். இரண்டு வாரம் வரைக்கும் அவர் வானிலையையும் சர்க்கரை அளவையும் தவிர வேறெதுவும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் கண் கதையைச் சொல்வதை நிறுத்தியிருந்தார். பிறகு ஒருநாள், யாரோ வந்தபோது, மெதுவாகத் தொடங்கினார். "இடது கண்ணைப் பெரியவதான்…" சின்னவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு முழுவதும் சொல்லி முடித்தார். அவள் பஞ்சை மடித்துக்கொண்டே கேட்டாள். எரிந்தது. ஆனால் கத்தத் தோன்றவில்லை.

சின்னவள் வந்து சொல்லிப் போன அடுத்த வாரமே அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். சின்னவள் சொன்னதால் திரும்பினாளா, கோபத்தில் திரும்பினாளா என்று யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் இடையே பேச்சு என்பது மாத்திரை அளவு மட்டுமே. "நாற்பதுக்குக் குறைக்கலாம்." "சரி." "சர்க்கரை?" "இருநூத்திப் பத்து." நாலு மாதம் இப்படியே போயிற்று.

ஆறாம் மாதம் கண் பரிசோதனைக்கு அப்பாவை அழைத்துப் போனாள் சின்னவள். அக்கா இடது கண்ணைப் பார்த்து, நரம்பு நன்றாக இருக்கிறது என்றாள். அப்பா எழுத்து அட்டையில் கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் படித்தார். கடைசி வரியை ஊகித்தார். "கள்ளாட்டம் வேண்டாம்ப்பா" என்று அக்கா சொல்ல, அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சுவர் ஓரமாக நின்றிருந்த சின்னவள் அந்த இருவரையும் பார்த்தாள். அந்தப் பழைய குத்து, நெஞ்சுக்குக் கீழே, பழகிய இடத்தில் வந்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை. வந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவின் பையை எடுத்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிந்ததும் அக்கா கையைக் கழுவி உதறிக்கொண்டு, "நானும் கீழ வரேன்" என்றாள். லிஃப்ட் பழுது. ஒரு மாடிதான் என்பதால் படியில் இறங்கினார்கள். அக்கா இரண்டு படி முன்னால் போனாள். அப்பாவின் குருட்டுப் பக்கத்தில் சின்னவள். சில படி இறங்கியதும் அப்பா தடுமாறி, வலது கையை நீட்டி, பக்கத்தில் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவளே, மெதுவாப் போ. படி எங்க முடியுதுன்னு தெரியல" என்றார்.

சின்னவள் திருத்தவில்லை. "இன்னும் பதினோரு படி இருக்கு" என்றாள்.

முன்னால் போன அக்கா நின்று திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நான் இங்க இருக்கேன். அது சின்னவ."

"தெரியும் தெரியும்" என்றார் அப்பா. காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. "டாக்டருங்க கை எல்லாம் ஒரே மாதிரி ஜில்லுன்னு இருந்தா நான் என்ன பண்றது?"

அக்கா சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் முறையாக நேருக்கு நேராகப் பார்த்தாள். இரண்டு படி ஏறி வந்து, அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். படி குறுகல். மூன்று பேர் சேர்ந்து இறங்க இடம் போதவில்லை. எதிரே ஏறி வந்த ஒருவர் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"ரெண்டு பேரும் என் பொண்ணுங்க. டாக்டருங்க" என்றார் அப்பா அவரிடம்.

"எந்த டாக்டர்?" என்று அவர் மரியாதைக்குக் கேட்டு வைத்தார்.

அப்பா யோசித்தார். "ஒருத்தி கண்ணு. இன்னொருத்தி மத்ததெல்லாம்" என்றார்.